பார்வையற்ற பிள்ளைக்கு லேப்டாப் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தையொட்டித்தான் கல்லூரிகளும் திறக்கின்றன. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, வடகரை வட்டாரக் குடும்பங்களிலிருந்து அந்த நாட்களில் நம்மிடம் வரும் கேள்விகளில் ஒன்று இது: "பிள்ளைக்குக் கண் தெரியாது ஹஜ்ரத். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருக்கான். காலேஜுக்கு லேப்டாப் கேட்கிறான். திரையே தெரியாதவனுக்கு லேப்டாப் எதுக்கு?"

பெண் பிள்ளையாக இருந்தால் கேள்வி வேறு மாதிரி வரும். "பாடத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும், கூடப் போய்வர ஆள் வேண்டும். பேசாமல் வீட்டிலேயே இருக்கட்டுமா?"

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். சரியான கருவி கையில் இருந்தால், பாடம் படிக்க அடுத்தவரின் கண் தேவைப்படுவது பெருமளவு குறைந்துவிடும். ஆனால் அந்தக் கருவியை நாம் நம் கண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். பெரிய திரை, பளபளப்பு, கடைக்காரர் சொல்லும் பிராண்டு ஆகியவற்றைப் பார்த்து வாங்கி வந்து கொடுக்கிறோம். ஆறு மாதத்தில் அது அலமாரிக்குப் போய்விடுகிறது. பயன்படுத்தப் போகிறவரின் காதும் விரலும்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

கணினி எப்படிப் பேசுகிறது?

திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். தமிழில் திரைவாசிப்பான் என்கிறார்கள். பார்வையற்றவர் மவுஸைத் தொடுவதில்லை, எல்லாம் கீபோர்டில்தான். அம்புக்குறி விசையை அழுத்தினால் அடுத்த வரியைப் படிக்கும். டேப் விசையை அழுத்தினால் அடுத்த பொத்தானுக்குப் போகும். கன்ட்ரோல் விசையைத் தட்டினால் பேச்சை நிறுத்தும். பழகியவர்கள் நாம் பேசுவதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் நமக்கு ஒரு சொல்லும் புரியாது.

ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் 1989இல் வெளிவந்தது. உலகம் முழுவதும் அலுவலகங்களில் பயன்படுவது, ஆனால் விலை அதிகம். பணம் கட்டாவிட்டால் ஒரு தடவைக்கு 40 நிமிடம் மட்டுமே ஓடும். ஏழை எளியவர்களுக்கு வழி திறந்தது என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் இதைத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவரும் சேர்ந்துகொண்டார். இது முற்றிலும் இலவசம். தமிழ் மொழியிலும் இதன் பட்டியல்கள் கிடைக்கின்றன. ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு எந்தக் கணினியிலும் செருகி ஓட்டலாம். இவை தவிர, விண்டோஸிலேயே நரேட்டர் என்ற வாசிப்பானும், ஆப்பிள் கணினிகளில் வாய்ஸ்ஓவரும், ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கும் கூடவே வருகின்றன.

ஆகவே "கண் தெரியாதவர்களுக்கான லேப்டாப்" என்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. எல்லோரும் வாங்கும் லேப்டாப்தான். அதில் எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

லேப்டாப்பா, பிரெய்ல் கருவியா, செல்போனா?

பிரெய்ல் தெரிந்த பிள்ளைகள் நம் பகுதியில் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் அஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணி 1890இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி, இந்தியாவின் மிகப் பழமையான அத்தகைய பள்ளிகளில் ஒன்று. அங்கும் மற்றப் பள்ளிகளிலும் படித்தவர்கள் ஸ்லேட்டும் குத்தூசியும் வைத்து எழுதுவார்கள். தாளின் பின்பக்கம் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதி, திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பார்கள். பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற தட்டச்சுக் கருவியும் உண்டு. வேலூர் அருகே காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் அதைத் தயாரிக்கிறது. காலத்துக்கும் உழைக்கும் கருவிதான். ஆனால் எடை ஐந்து கிலோவை நெருங்கும். சத்தமும் வரும். வகுப்புக்குத் தினமும் தூக்கிப் போக முடியாது.

இன்றைய மின்னணுப் பிரெய்ல் கருவிகளில் புள்ளிகள் விரலுக்கடியில் எழும்பி எழும்பித் தாழும். ஆர்பிட் ரீடர் 20 என்ற கருவியில் ஒரு வரிக்கு 20 எழுத்துக்கட்டம். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. எஸ்டி கார்டில் உள்ள புத்தகத்தைப் படிக்கலாம், குறிப்பு எழுதலாம், புளூடூத் மூலம் போனோடும் லேப்டாப்போடும் இணைக்கலாம். பேசாது. ஆசிரியர் பேசுவதைக் காதால் கேட்டுக்கொண்டே விரலால் படிக்கலாம். பிரெய்ல்நோட், பிரெய்ல்சென்ஸ் போன்ற பெரிய கருவிகளில் ஒரு கணினியே உள்ளே இருக்கிறது. ஆனால் விலை லட்சங்களில்.

நம் ஆலோசனை இதுதான். பிரெய்லில் நன்றாகப் பழகிய மாணவருக்கு லேப்டாப்போடு ஒரு சிறிய பிரெய்ல் கருவியும் சேர்ந்தால் மிக நல்லது. எழுத்துப் பிழை, கணிதம், மொழிப்பாடம் மூன்றுக்கும் காதை விட விரல் நம்பகமானது. வயது வந்தபின் பார்வை இழந்து பிரெய்ல் தெரியாதவருக்கு லேப்டாப் போதும். பணம் இல்லாத குடும்பம் கவலைப்பட வேண்டாம். இருக்கிற ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கை இயக்கி, ஒரு சிறிய புளூடூத் கீபோர்டு மட்டும் வாங்கிக் கொடுங்கள். சட்டைப் பையில் போனும் பையில் கீபோர்டுமாகப் போய் வகுப்பில் குறிப்பெடுக்கலாம். ஆனால் பெரிய கட்டுரை எழுத, எக்ஸெல் கையாள, வேலைக்கான பயிற்சி பெற ஒருநாள் லேப்டாப் தேவைப்படும்.

பார்வை முற்றிலும் இல்லாதவருக்கே இங்கே சொல்வது. ஓரளவு பார்வை உள்ளவருக்குக் கணக்கு வேறு. அவருக்குப் பெரிய, கூசாத திரை வேண்டும். விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து பெரிதாகும். அவரைத் திரைக்கு முன் உட்காரவைத்துத்தான் வாங்க வேண்டும்.

எடையை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்?

பார்வையற்றவர் தனியாக நடக்கும்போது ஒரு கையில் வெள்ளைக்கோல் இருக்கும். மீதி இருப்பது ஒரு கைதான். தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கூட்டமான பேருந்தில் கம்பியைப் பிடிக்க அந்த ஒரு கை வேண்டும். குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரிக்குப் போகும் மாணவியானாலும் சீசன் நேரத்தில் சுற்றுலாக் கூட்டத்தோடு சேர்ந்துதான் பஸ் ஏற வேண்டும். லேப்டாப் முதுகில்தான் இருக்க முடியும், அது முதுகை இழுக்கக் கூடாது.

மலிவு விலையில் கிடைக்கும் 15.6 அங்குல லேப்டாப்கள் பெரும்பாலும் 1.6 முதல் 1.8 கிலோ வரை இருக்கும். 13 அல்லது 14 அங்குலத்தில் 1.2 முதல் 1.4 கிலோவுக்குள் கிடைக்கும். ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏர் 1.24 கிலோ. பார்வையற்றவருக்குத் திரை சிறிதாக இருப்பதால் எந்த இழப்பும் இல்லை. இதில் அவருக்கு நம்மைவிட வசதி அதிகம். சார்ஜரின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். போன் சார்ஜரைப் போன்ற டைப்-சி முனையில் சார்ஜ் ஆகும் லேப்டாப்பாக இருந்தால் பெரிய சார்ஜரைச் சுமக்க வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

பிள்ளையைக் கட்டாயம் கடைக்குக் கூட்டிப் போங்கள். கடையில் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும். மேக்கில் கமாண்டு விசையுடன் எஃப்5. பத்து நிமிடம் பிள்ளையே தட்டிப் பார்க்கட்டும். கடைக்காரர் பொறுமை இழந்தாலும் நாம் இழக்கக் கூடாது. கவனிக்க வேண்டியவை:

1. கீபோர்டு: எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். விசைகளுக்கிடையே இடைவெளி இருக்க வேண்டும். ஹோம், எண்டு, பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் தனித்தனியாக இருந்தால் நல்லது. சிறிய லேப்டாப்பில் எண்பலகை இருக்காது, இன்சர்ட் விசையும் இல்லாமல் போகலாம். அதனால் வாங்காமல் விட வேண்டாம். என்விடிஏவில் கேப்ஸ் லாக் விசையை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

2. பவர் பொத்தான்: பல லேப்டாப்களில் இது டெலிட் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கைதவறி அணைந்துவிடும். விரலுக்கு வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள்.

3. மேல்வரிசை எஃப் விசைகள்: ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வேலைக்கு இவற்றைப் பூட்டி வைத்திருப்பார்கள். ஸ்கிரீன் ரீடருக்கு எஃப் விசைகள் அடிக்கடி தேவை. அதை மாற்றிவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

4. இயர்போன் துளை: சில மெல்லிய லேப்டாப்களில் இது இல்லை. புளூடூத் இயர்போனில் ஒலி சற்றுத் தாமதித்து வரும், சொல்லின் முதலெழுத்து விழுங்கப்படும். நாளெல்லாம் கேட்பவருக்கு இது பெரும் தொல்லை. வயர் இயர்போன் செருக இடம் வேண்டும்.

5. ரேம், எஸ்எஸ்டி: ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 16. எஸ்எஸ்டி கட்டாயம். கணினி ஒரு வினாடி தடுமாறினால் நமக்குச் சுற்றும் வட்டம் தெரியும். அவருக்கு மௌனம்தான் கேட்கும். அது தொங்கிவிட்டதா, அணைந்துவிட்டதா என்று தெரியாது.

6. விண்டோஸ்: விலை குறைவு என்று விண்டோஸ் இல்லாத லேப்டாப்பை வாங்காதீர்கள். சில லேப்டாப்கள் எஸ் மோடு என்ற நிலையில் வரும். அதில் என்விடிஏவை நிறுவ முடியாது. கட்டணமில்லாமல் அதிலிருந்து வெளியேறலாம், கடையிலேயே செய்து வாங்குங்கள். பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் ஸ்கிரீன் ரீடர் பேசாது. அங்கே மாற்ற வேண்டியது ஏதும் இருந்தால் அதையும் கடையிலேயே முடித்துவிடுங்கள்.

7. கைரேகைப் பூட்டு: முகம் காட்டித் திறக்கும் பூட்டில் கேமராவுக்கு நேராக முகத்தை வைக்க வேண்டும். விரல் வைத்துத் திறப்பது எளிது.

தொடுதிரை, மிக நுட்பமான திரை, விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு, கீபோர்டு விளக்கு ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண். அதை ரேமுக்கும் நல்ல பேட்டரிக்கும் மாற்றுங்கள். திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டால் பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். என்விடிஏவில் திரையை முழுக்கக் கறுப்பாக்கும் வசதியும் உண்டு. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் இவருடைய கடிதத்தையோ வங்கிக் கணக்கையோ எட்டிப் பார்க்க முடியாது. தன் கடிதத்தை எப்போதும் அடுத்தவர் வாயால் கேட்டே பழகியவருக்கு இந்த மறைவு எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

தமிழும் அரபும்

விண்டோஸ் அமைப்பில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் இறங்கும். என்விடிஏவோடு வரும் இஸ்பீக் என்ற குரலும் தமிழ் படிக்கும். கேட்க இயந்திரம் போல இருக்கும், ஆனால் வேகமாக வைத்தாலும் தெளிவு குறையாது. எது வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். தமிழ்99 விசைப்பலகையும் விண்டோஸிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு தடை உண்டு. கல்லூரிகளிலும் அச்சகங்களிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடங்கள் இன்னும் சுற்றுகின்றன. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஸ்கிரீன் ரீடருக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் இருந்தால்தான் படிக்கும். புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பிய பிடிஎஃப் என்றால் ஒன்றுமே பேசாது. கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக மாற்றலாம், தமிழுக்கும் அது வேலை செய்கிறது. ஆனாலும் பேராசிரியர்களிடம் முதல் வாரமே போய், பாடக்குறிப்பை யூனிகோடில் தரும்படி பெற்றோர் கேட்டுவிடுவது நல்லது.

அரபிக்கும் விண்டோஸில் குரல் உண்டு. அரபி இலக்கணம், அகராதி, கிதாபுகளைத் தேடிப் படிக்க அது உதவும். ஆனால் குர்ஆன் ஓதுதலுக்கு இந்தக் குரலை நம்ப வேண்டாம். கணினிக் குரலுக்குத் தஜ்வீத் தெரியாது. மத்து, குன்னா எதுவும் முறையாக வராது. அதற்குக் காரிகளின் ஒலிப்பதிவும் நேரடி உஸ்தாதும்தான் வழி. பிரெய்லில் அச்சிட்ட குர்ஆனும் இருக்கிறது. பிரெய்லில் அரபியும் இடமிருந்து வலமாகவே படிக்கப்படும் என்பதை மத்ரஸா உஸ்தாதுகள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சாரல் காலக் கவனம்

நம் பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில் எப்போதும் ஈரம். பிரெய்ல் தாள் நமுத்துப் போய்ப் புள்ளிகள் அமுங்கும். மின்னணுப் பிரெய்ல் கருவியின் நுண்ணிய ஊசிகளுக்கும் ஈரமும் தூசும் ஆகாது. தண்ணீர் புகாத உறை போட்ட பை, உள்ளே இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம், கருவியைத் தொடும் முன் ஈரம் துடைத்த கை ஆகிய மூன்றும் போதும். லேப்டாப் நனைந்துவிட்டால் இயக்கிப் பார்க்காமல் அணைத்தே வைத்து, உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

ரோட்டில் நடக்கும்போது இரண்டு காதையும் அடைக்கும் இயர்போன் ஆபத்து. பார்வையற்றவருக்குக் காதுதான் போக்குவரத்துக் கண். கன்ன எலும்பு வழியாக ஒலி தரும் போன் கன்டக்‌ஷன் வகை ஹெட்போனில் காது திறந்தே இருக்கும்.

உதவி எங்கே கிடைக்கும்?

முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை எடுத்துவிடுங்கள். யுடிஐடி என்பார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குப் பல சலுகைகள் உண்டு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்காகத் திருநெல்வேலி வரை அலைய வேண்டியதில்லை. மாநில அரசின் உதவிகளையும், அலிம்கோ நிறுவனம் வழியாக உபகரணம் தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்தையும் அங்கே கேளுங்கள்.

புத்தகங்களுக்கு, 2016இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் பதிவு செய்யுங்கள். ஸ்கிரீன் ரீடரும் பிரெய்ல் கருவியும் படிக்கும் வடிவில் புத்தகங்கள் கிடைக்கும். பார்வையற்றோருக்காகப் புத்தகத்தை வேறு வடிவுக்கு மாற்றுவது 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமை மீறல் ஆகாது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், எழுதுவதற்கு ஆளும், கணினியில் தேர்வெழுதும் வாய்ப்பும் சொல்லப்பட்டிருந்தன. இப்போது நடப்பில் உள்ள வழிகாட்டுதலின் நகலைக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அப்பணிக்கு வந்த முழுப் பார்வையற்ற முதல் அதிகாரி அவர். அவர் படித்தது ஜாஸ் ஸ்கிரீன் ரீடரின் துணையோடு. மதுரையைச் சேர்ந்த பூர்ண சுந்தரி, 2020இல் வெளியான குடிமைப் பணித் தேர்வு முடிவில் 286ஆம் இடம் பெற்றார். இருவருமே பெண்கள் என்பதைப் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

நம் ஜமாஅத் செய்ய வேண்டியது

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல நியமித்தார்கள். பயணம் போகும்போது மதீனாவின் பொறுப்பையும் அவர்களிடம் விட்டுச் சென்றார்கள். பொறுப்புக் கொடுத்தார்கள், ஒதுக்கி உட்காரவைக்கவில்லை. பைத்துல்மாலிலிருந்து இத்தகைய மாணவருக்கு உதவும்போது, நாமே ஒரு லேப்டாப்பை வாங்கி மேடையில் வைத்துக் கொடுப்பதை விட, அந்த மாணவரைக் கடைக்கு அழைத்துப் போய் அவர் தேர்ந்தெடுப்பதற்குப் பணம் கட்டுவது மேல். பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். கீபோர்டைப் பார்க்காமல் தட்டச்சு செய்வதும் என்விடிஏவும் தெரியாமல் லேப்டாப் பயன் தராது. தட்டச்சை லேப்டாப் வரும் முன்பே ஒரு பழைய கீபோர்டில் தொடங்கிவிடலாம். ஏற்கெனவே பழகிய ஒரு பார்வையற்ற அண்ணனோ அக்காவோ கற்றுக்கொடுத்தால் அதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

காசு செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. ஜமாஅத் அறிவிப்பு, நிக்காஹ் அழைப்பு, ஜனாஸா செய்தி எல்லாவற்றையும் நாம் வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்புகிறோம். பார்வையற்ற ஒருவரின் போனுக்கு அது வெறும் "படம்". யாருடைய ஜனாஸா, எந்த நேரம் தொழுகை என்று அவர் இன்னொருவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தோடு அதே செய்தியை இரண்டு வரி யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். அவருடைய கருவி அதை அவருக்குப் படித்துக்காட்டும். இன்றைய அறிவிப்பிலிருந்தே இதைத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.